மருந்துத் தண்ணீர்

கடற்கரை ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். கடலோடு சேரும் களப்பு முகத்தில் தண்ணீர் பச்சையாகிவிட்டதாம், மீன் செத்து ஒதுங்குகிறதாம். "உங்க காலத்துல இதை எப்படி எண்ணினீங்க, எப்படிச் சமாளிச்சீங்க? எங்க ஆண்டு மலருக்கு எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். அவர்கள் வாயில் 'போசணை மிகுதல்', 'மிதவை உயிர்ச் சமுதாயம்' என்றெல்லாம் அழகான சொற்கள் புரளுகின்றன. நாங்கள் 'உரம் ஏறின தண்ணி' என்போம். பெயர் மாறினாலும் பச்சை மாறவில்லை.

எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். ஆனால் கடலைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. சம்பளம் வாங்கியது கடற்கரையில்தான் என்றாலும், இந்தத் தொழிலில் எனக்கு மறக்க முடியாமல் போன விஷயம் நடந்தது கடல் கண்ணில் படாத ஒரு தேயிலைத் தோட்டத்தில். மலர்க்குழுவுக்குப் பிடிக்கவில்லை என்றால் குப்பையில் போடட்டும்.

நான் மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்து ஆள். அப்பா தோட்டத்தில் லொறி ஓட்டினார். சுதந்திரத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை ஒரே வீச்சில் போனபோது, எழுதிப்போட்டு அலைந்து திரும்பப் பெற்ற சிலரில் அவரும் ஒருவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மற்ற யாருக்கும் அது கிடைக்கவில்லை. அந்தக் காகிதமும் எனது எட்டாம் வகுப்பும் சேர்ந்து அரசாங்கத்தின் மீன்வள ஆய்வுகூடத்தில் கையாள் வேலை வாங்கிக் கொடுத்தன. ஆரம்பத்தில் போத்தல் கழுவினேன். பிறகு படகில் பட்டுத்துணி வலையை இழுத்தேன். அதன் பிறகுதான் உருப்பெருக்கியில் கண் வைக்க விட்டார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

என் மேலதிகாரி சபாநாதன் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியாக, உயரமாக, கசங்காத வெள்ளைச் சட்டையோடு இருப்பார். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். எங்களுக்குப் பயம் வருவது அவர் குரல் காதில் விழாமல் போகும்போதுதான். அவரிடம் போய், "பாசி நெறைய இருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். பேனாவை மூடி வைத்துவிட்டு, "நிறைய எண்டால் எவ்வளவு தம்பி? கலியாண வீட்டுச் சனத்தையோ எண்ணினனீர்?" என்பார்.

அவருடைய முறை இது. வலையின் அடியில் தொங்கும் போத்தலில் சேர்ந்த தண்ணீரைக் குலுக்கி, கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் ஒரு துளி விட வேண்டும். குமிழி விழுந்தால் கொட்டிவிட்டு மறுபடி விட வேண்டும். முதலில் நான் கட்டம் கட்டமாக எண்ணுவேன். எண்ணியதை அவரிடம் சொல்லக்கூடாது, ஒரு துண்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு அவர் எண்ணுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒத்துப்போகாவிட்டால் யார் பிழை என்று கேட்க மாட்டார். துளியைத் துடைத்துவிட்டு, "பிறகும் ஒருக்கா" என்பார். "கண்டதைச் சொல்லும், நினைச்சதைச் சொல்லாதையும்" என்பது அவர் எங்களுக்கு ஓயாமல் சொன்னது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. போகப்போக வேறு மாதிரி வேலை செய்யவே எனக்குத் தெரியாமல் போயிற்று.

களப்பின் ஒரு மூலையில் பட்டணத்துச் சாக்கடையும் மாடு அறுக்கும் இடத்துக் கழிவும் விழும். அங்கே முதலில் மீன் கொழுத்தது. மீன்பிடிகாரர்கள் எங்களைப் பார்த்து, "சாக்கடையை அடைச்சிடாதீங்க" என்று கேலி பேசினார்கள். எங்கள் கண்ணாடித் தட்டில் வேறு கதை தெரிந்தது. நல்ல தண்ணீரில் இனங்கள் பல, ஒவ்வொன்றும் கொஞ்சம். படகு வடிவில், நட்சத்திர வடிவில், சங்கிலியாகக் கோத்தபடி, பார்க்கப் பார்க்கச் சலிக்காது. தீனி ஏறிய தண்ணீரில் இனங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், ஒன்றிரண்டு மட்டும் பெருகி மற்றவற்றை நெருக்கித் தள்ளும். பெருகியது சாகும்போது தண்ணீரில் இருக்கிற மூச்சையும் உறிஞ்சிக்கொண்டு போகும். ஒரு நாள் விடிந்தபோது களப்பு முழுக்க மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே கிடந்தது. கேலி பேசியவர்கள் அதை மண்வெட்டியால் அள்ளிப் புதைத்தார்கள். ஆனாலும் கடலுக்கு ஏற்றமும் வற்றமும் உண்டு, தன் அழுக்கைத் தானே கொஞ்சம் அலசிக்கொள்ளும்.

தோட்டத்து அணைக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அந்தத் தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அப்பா லொறி ஓட்டிய தோட்டத்துக்கு இரண்டு மலை தள்ளி. தொழிற்சாலைக்காக ஓடையை மறித்துக் கட்டிய அணை ஒன்று இருந்தது. அதிலிருந்து குழாய் வழியாகக் கீழ் லயங்களின் பீலி என்கிற பொதுக் குழாயடிக்கும் தண்ணீர் போனது. குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாம் அந்தப் பீலிதான். மழை ஓய்ந்து வெயில் பளீரென்று அடிக்கும் மாதங்களில் அணைத் தண்ணீர் பச்சை வண்ணம் கரைத்து ஊற்றியது போலானது. லயத்து ஆட்கள் துணியால் வடிகட்டிக் குடித்தார்கள். அவர்கள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு தோட்டத்தை நடத்தும் துரையின் சீமைப் பசு ஒன்று அணைக்கரையில் தண்ணீர் குடித்துவிட்டு அங்கேயே விழுந்து செத்தது. உடனே கொழும்புக்குத் தகவல் பறந்தது, எங்களை அனுப்பினார்கள். மாடு செத்ததற்காகத்தான் நாங்கள் போனோம்.

டிஸ்பென்சரியின் பின்னறையில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். சன்னல் பக்கம் மேசையைப் போட்டு உருப்பெருக்கியை வைத்தோம். எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டி மிதவை செய்துகொண்டோம். தண்ணீரின் தெளிவைப் பார்க்க, வெள்ளைப் பீங்கான் தட்டைக் கயிற்றில் கட்டிக் கண்ணுக்கு மறையும் வரை இறக்குவோம். கொழுந்து நிறுக்க வரும் பெண்கள் மேலே நின்று, "ஐயா டேமுக்குச் சோறு போடுறாரு பாருங்கடி" என்று சிரிப்பார்கள். தட்டு முழங்கை ஆழத்துக்குக் கூடப் போகாமல் மறைந்துவிடும்.

டிஸ்பென்சரியைக் கூட்டித் துடைத்து, எங்களுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தது அங்கம்மா. முப்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. பார்வதி என்று ஒரே பெண் குழந்தை, அப்போதுதான் கடும் காய்ச்சலில் கிடந்து தேறிக்கொண்டிருந்தது. அங்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"தம்பி, அந்தக் கொழாயில அப்புடி என்னதான் தெரியுது? நாள் பூரா ஒத்தக்கண்ண மூடிக்கிட்டுக் கெடக்குறீங்க?"

ஐயா எழுந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"அட, ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரியில்ல இருக்கு! பச்ச ஜவ்வரிசி. எல்லாம் ஒரே சாமானா இருக்கே?"

"அதுதான் பிழை அம்மா. ஒண்டுதான் இருக்கு. மற்றதெல்லாம் போயிட்டுது" என்றார் ஐயா.

கொழகொழவென்று கூழுக்குள் திரண்ட சிறு உருண்டைகள். ஓடை அணைக்குள் விழும் இடத்துக்கு மேலே எடுத்த தண்ணீரில் பிறை வடிவிலும் நட்சத்திர வடிவிலும் எத்தனையோ இனங்கள் இருந்தன. அணைக்குள் இந்த ஒன்றைத் தவிர மற்றவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. காரணம் கரையிலேயே நின்றது. அணைக்கு நேர் மேலே உரச் சாக்கு அடுக்கும் கொட்டகை. காற்றில் கூரைத் தகரம் பறந்து போய் இரண்டு மழைக்காலம் ஆகியும் யாரும் போடவில்லை. கரைந்த உரமெல்லாம் அணைக்குள் இறங்கியிருந்தது.

பச்சைத் தண்ணீர் குடித்து மாடு சாவதைப் பற்றி ஐயா வெளிநாட்டு ஏடுகளில் படித்திருந்தார். துரையிடம் மூன்று விஷயம் சொன்னார். கொட்டகையை அகற்ற வேண்டும். பீலிக்குக் கொட்டகைக்கு மேலே ஓடையிலிருந்து புதுக் குழாய் இழுக்க வேண்டும். அதுவரை அணையில் மயில்துத்தம் போட்டுப் பாசியைக் கொல்லலாம், ஆனால் போட்ட பிறகு தான் சொல்லும் வரை ஒருவரும் அதைக் குடிக்கக்கூடாது. ஏன் என்று என்னிடம் விளக்கினார். "உயிரோட இருக்கேக்கை அதுக்குள்ள இருக்கிறது, செத்தால் தண்ணியில கரைஞ்சிடும் தம்பி. கரைஞ்சது எங்கட வலையில பிடிபடாது. எண்ணவும் ஏலாது."

துரை முதலிரண்டையும் பார்க்கலாம் என்றார். மூன்றாவதற்குத் துத்தம் தோட்டத்திலேயே இருந்தது, தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்க வாங்கியது. லயங்களுக்கு லொறியில் பீப்பாய்த் தண்ணீர் வரும் என்றும், ஆட்களுக்குத் தகவல் சொல்லப்படும் என்றும் உறுதி கொடுத்தார். நாங்கள் துத்தத்தைச் சாக்கில் கட்டி மிதவையின் பின்னால் இழுத்துக்கொண்டு அணையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். தூரத்தில் லயத்தில் தப்புப் பறை அடித்துத் தகவல் சொல்லும் சத்தம் கேட்டது. என்ன சொன்னார்கள் என்பது அவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை.

பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஐயா துரையிடம் ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னார். துரை அதைச் சுருக்கிக் கண்டாக்கையாவிடம் சொன்னார். வெளிக்கள வேலையையெல்லாம் பார்ப்பவர் அவர். அவர் அதைத் தமிழாக்கித் தப்புக்காரரிடம் சொன்னார். தப்புக்காரர் லயம் லயமாக அடித்துச் சொன்னது இதுதான்: "டேமுத் தண்ணிக்கு மருந்து போட்டிருக்கு! பாத்துப் பொழங்குங்க!"

எங்கள் தோட்டத் தமிழில் தேயிலைக்கு அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து, டிஸ்பென்சரியில் ஊற்றிக் கொடுப்பதும் மருந்து. கண்டாக்கையாவின் மனதில் இருந்தது முதலாவது. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் வயிற்றோட்டம் பரவியபோது, டிஸ்பென்சர் பீப்பாய்த் தண்ணீரில் ஊதா நிறத் தூளைக் கலந்துவிட்டு அதே தப்புக்காரர் வாயால் சொல்லச் சொன்னதும் இதே வார்த்தைகள்தான். மருந்து போட்டிருக்கு, பாத்துப் பொழங்குங்க. அன்றைக்கு அதன் அர்த்தம், நல்ல தண்ணீர், சிந்தி வீணாக்காதீர்கள் என்பது. லயத்து ஆட்கள் இந்த முறையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். லொறித் தண்ணீர் துரு நாறியது. பீலித் தண்ணீரோ நாளுக்கு நாள் தெளிந்து வந்தது. எங்கள் பீங்கான் தட்டு ஆழத்தில் பளிச்சென்று தெரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று யாருக்குத்தான் தோன்றாது?

நாங்கள் உள்ளே உட்கார்ந்து செத்த உருண்டைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். அங்கம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். அன்று அவள் முகம் வாடியிருந்தது. ஐயா உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டிக் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"பிள்ளைக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"திரும்பவும் வாந்திங்க ஐயா. ரெண்டு நாளா எதுவும் வயித்துல தங்க மாட்டேங்குது. ஆனா தண்ணி விஷயத்துல நா ரொம்பக் கவனமுங்க. ஐயா போட்ட மருந்துத் தண்ணியத்தான் காச்சிக் காச்சிக் குடுக்குறேன். லொறித் தண்ணி ஒரு சொட்டு வாயில படவிடல."

ஐயா கோப்பையை மேசையில் வைத்தார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எந்தத் தண்ணி அம்மா?"

"டேமுத் தண்ணிதாங்க. நீங்க மருந்து போட்டீங்களே. ஐயாவுக்கும் அதுலதான் தேத்தண்ணி. பாத்துப் பொழங்கச் சொன்னாங்க, அதான் எல்லாருக்கும் முந்தி வெடியக்காலையிலேயே போயி ரெண்டு கொடம் புடிச்சு வச்சிட்டேன்."

நான் பீலிக்கு ஓடினேன். குழாயை மூடச் சொல்லிக் கத்தினேன். குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார்கள். "மருந்துத் தண்ணிய ஏன் தம்பி மூடச் சொல்றீங்க?" என்று ஒரு கிழவர் சண்டைக்கு வந்தார். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா, வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது, வயிற்றுவலி, வாந்தி என்று பலர் சுருண்டு கிடந்தார்கள். பெரியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பார்வதி ஏற்கெனவே காய்ச்சலில் உருகிப்போன உடம்பு. கண் மஞ்சளாகியிருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். லொறியின் பின்பக்கத்தில் சாக்கு விரித்து அங்கம்மா மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் அங்கம்மா, "தம்பி, லொறிய நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் மலையிறங்கியபோது அவள் ஐயாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, படிச்சவங்க, நீங்க சொல்லுங்க. நா குடுத்த தண்ணியாலயா எம்புள்ள போச்சு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். 'நினைச்சதைச் சொல்லாதையும்' என்கிற மனிதர். தெரியாது என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இல்லை அம்மா. தண்ணியால இல்லை. அது காய்ச்சல்" என்றார்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்று அவரை எனக்குப் பிடித்தது போல் அதற்கு முன் பிடித்ததே இல்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நல்ல சொல்தான் பிறகு எங்கள் கழுத்தைப் பிடித்தது.

சில நாட்கள் கழித்துக் கண்டாக்கையா டிஸ்பென்சரிக்கு வந்தார். நின்றபடியே பேசினார், உட்காரவில்லை.

"துரை சொல்லச் சொன்னாருங்க. தண்ணியால இல்ல, காச்சல்னு ஐயாவே அந்தப் பொம்பளக்கிட்ட சொன்னீங்களாமே. அப்ப புதுப் பைப்புக்கு இப்ப அவசரமில்லையாம். நாளைக்குக் குழாயத் தெறந்து விடச் சொல்றாரு."

ஐயா உருப்பெருக்கியின் மேல் உறையைப் போட்டு மூடினார். கண்டாக்கையா போகும் வரை அதன் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "எண்ணாமல் ஒரு சொல் சொன்னன் தம்பி. அதைத்தான் பிடிச்சுக்கொண்டினம்" என்றார்.

கொழும்புக்கு எழுதலாம் என்றேன். எழுதலாம், ஆனால் பதில் வரும்வரை லயத்தார் எதைக் குடிப்பது? அந்தத் தோட்டத்து ஆட்களுக்கு ஓட்டு இல்லை, நாடும் இல்லை என்று ஆகிவிட்டிருந்தது. அவர்களுக்காகக் கேள்வி கேட்க எந்த மந்திரியும் வரப்போவதில்லை. துரை நம்பாவிட்டாலும் பரவாயில்லை, குடிப்பவர்கள் நம்ப வேண்டும். அவர்களிடம் உள்ளதைச் சொன்னால் அங்கம்மாவின் காதிலும் விழும். ஐயா சட்டையைப் போட்டுக்கொண்டு, "முதல்ல அவவுக்குத்தான் சொல்ல வேணும். நீரும் வாரும்" என்றார்.

அவள் காம்பரா வாசலில் விறகு கட்டிக்கொண்டிருந்தாள். ஐயா உட்காராமல், மறைக்காமல் சொன்னார். பாசி செத்தபோது தண்ணீரில் நஞ்சு இறங்கியிருக்கும் என்று. கண்டதில்லை, நினைப்பதுதான், ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன் என்று. அன்றைக்கு இல்லை என்று சொன்னது இரக்கத்தில் சொன்னது என்று. நாளைக்குக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது என்று. அவள் விறகை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்கும் என்று நின்றோம். எதுவும் கேட்கவில்லை. அந்தக் கதவின் முன்னால் நின்றது போல் என் வாழ்க்கையில் நான் எங்கும் நின்றதில்லை.

அதன் பிறகு நான் ஓய்வு பெறும் வரை களப்பிலும் ஆற்று முகங்களிலும் எத்தனையோ பச்சைத் தண்ணீர் பார்த்துவிட்டேன். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் எனக்குச் சந்தோஷம் வராது. என்னோடு வேலை பார்த்தவர்கள் அதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

அந்தக் கதவு சாத்திய மறுநாள் விடிகாலையில் தப்பு அடித்தது. பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடையோடும் ஆண்கள் கவ்வாத்துக் கத்தியோடும் வந்து நின்றார்கள். துரை வழக்கம்போல் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். கண்டாக்கையா வேலை பிரிக்க வாயெடுத்தபோது, சபாநாதன் ஐயா முன்னால் போய் நின்றார். யாரையும் மொழிபெயர்க்க விடவில்லை.

"டேமில நான் போட்டது மருந்தில்லை. அது பாசியைக் கொல்லுற நஞ்சு. அந்தத் தண்ணியைக் குடிக்க வேண்டாம். இண்டைக்குக் குழாயைத் திறந்தாலும் குடிக்க வேண்டாம்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. துரை கண்டாக்கையாவிடம் என்னவோ கேட்டார். கண்டாக்கையா சத்தமாக, "அப்ப ஐயா அன்னைக்குக் காச்சல்னு சொன்னது என்ன?" என்றார்.

ஐயா வாயைத் திறந்தார். அங்கம்மா கூடையோடு பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு எழவில்லை.

அங்கம்மா வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"சொல்லுங்க ஐயா, ஏன் நிக்கிறீங்க? நா குடுத்த தண்ணிதான், எங்கையால காச்சி நாந்தான் குடுத்தேன், அதுலதான் எம்புள்ள செத்துச்சுன்னு சொல்லுங்க. மொதல்ல பைப்பு வரட்டும்."

சொல்லிவிட்டுத் தன் கூடையைத் துரையின் காலடியில் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் நின்றவளும் வைத்தாள். புதுக் குழாய் பீலிக்கு வந்து சேரும் வரை அந்தக் கூடைகளை யாரும் நிமிர்த்தவில்லை.